சித்திரை வெயிலில் கம்பளி

மயக்க மருந்து டாக்டர்களை யாரும் கும்பிடுவதில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கும்பிடு சர்ஜனுக்கு. பிள்ளை பிறந்தால் முதல் மிட்டாய் லேடி டாக்டருக்கு. முதுகில் ஊசி போடும்போது நாங்கள் நோயாளியின் பின்னால் நிற்கிறோம். முழு மயக்கம் என்றால் முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள், அவ்வளவுதான் அவர்களுக்கு நாங்கள். இதெல்லாம் பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வோம். எனக்குப் பழகவில்லை. ஒரே ஓர் இடத்தில் எனக்கும் அந்தக் கும்பிடு கிடைத்துவந்தது, அதை நான் ரொம்பவே விரும்பினேன். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த நோயாளிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் அந்தக் கால் மணி நேரம்தான் அது.

பார்த்தவர்களுக்குத் தெரியும். சிசேரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடக்கும். மரத்த தசைக்கு நடுங்கவும் வராது. அதனால் ஒரே உடம்பில் கால்கள் இரண்டும் அசையாமல் கிடக்க, தோளும் கையும் தாடையும் மட்டும் உதறிக்கொண்டிருக்கும். பல் அடிக்கும் சத்தம் வராண்டா வரைக்கும் கேட்கும். டிராலியின் பக்கக் கம்பி கிலுகிலுவென்று ஆடும். மானிட்டருக்கும் ஒன்றும் புரியாது: விரலில் மாட்டிய கிளிப் எண்ணைத் தொலைத்துவிடும், இ.சி.ஜி. கோடு கிறுக்கலாகும், பி.பி. பட்டை காற்றை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு அளக்க முடியாமல் மறுபடியும் ஏற்றும். அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் நான் போய் நிற்பேன். டிரிப் குழாயில் மெதுவாக ஓர் ஊசி. இரண்டு மூன்று நிமிஷத்தில் தாடை நிற்கும், பிறகு தோள் அடங்கும், கடைசியில் விரல். அலாரம் ஓயும். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவது காதில் விழும். அப்போது என் பக்கம் திரும்புகிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் சில நாள் வீட்டுக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன்.

என் ஊர் கனகசெட்டிக்குளம். புதுச்சேரி டவுனிலிருந்து ஈ.சி.ஆரில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு, பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி, காலாப்பட்டும் கணபதிசெட்டிக்குளமும் தாண்டினால் எங்கள் ஊர். அதோடு புதுச்சேரி முடிந்து விழுப்புரம் மாவட்டம் ஆரம்பம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன எல்லைக்கோட்டை வரைபடத்தில் தேட வேண்டியதில்லை, ஒயின்ஷாப் போர்டு எங்கே நின்றுபோகிறது என்று பார்த்தால் போதும். ரோட்டுக்குக் கிழக்கே மீனவர் தெரு, மணலில் ஃபைபர் போட், வலை. நான் எந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளத்துக்கு இல்லை. கூப்பிட்டால் போகிறவன். காலையில் டவுனில் ஒரு குடலிறக்கம், மத்தியானம் மரக்காணத்தில் சிசேரியன், ராத்திரி திண்டிவனத்தில் யாரோ பைக்கிலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட கால் என்று பையும் காருமாகச் சுற்றுகிற பிழைப்பு. பொண்ணு கொடுக்கும்போது இதை உத்தியோகமாகவே யாரும் மதிக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. ஒரே வாரத்தில் ஏழெட்டு தியேட்டர்களைப் பார்க்கிறவனுக்கு, ஒரே ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் இருப்பவர் கண்ணில் படாத சில விஷயங்கள் படும்.

எங்கள் தெருவில் மீன் விற்கிற சித்தி ஒருத்தி. அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவளுடைய மூத்த மருமகளுக்கு சிசேரியன்; மயக்கம் நான்தான் கொடுத்தேன். பையன் பிறந்தான். வெளியே கொண்டுவந்து படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. சிஸ்டர் பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் மார்மேல் வைக்கப்போக, அவள் "வேணாம் சிஸ்டர், போட்டுடுவேன், போட்டுடுவேன்" என்று பல் கிட்டக் கத்துகிறாள். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஜன்னி கண்டுடுச்சிப்பா! பச்ச உடம்புக்காரிக்கு ஜன்னி கண்டுடுச்சி!" அவள் பயம் அர்த்தமில்லாத பயம் அல்ல. வீட்டில் பிள்ளை பெற்று, மூன்றாம் நாள் காய்ச்சலும் நடுக்கமுமாகப் போய்ச் சேர்ந்த பெண்களை அவள் தலைமுறை பார்த்திருக்கிறது. "ஒண்ணும் இல்ல சித்தி, இது ஜன்னி இல்ல, மருந்துல வர்றது, இப்ப நின்னுடும்" என்று சொல்லி ஊசியைப் போட்டேன். நின்றது. மறுநாள் காலையில் வீட்டு கேட்டுக்கு வெளியே குரல். ஒரு முழு வஞ்சிரம். காசு எடுக்கப் போனவனைப் பார்த்து, "உங்கிட்ட காசா? புள்ளைய காப்பாத்திக் குடுத்திருக்கே" என்றாள். நான் யாரையும் காப்பாற்றவில்லை, அது தானாகவே அரை மணியில் அடங்கியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வஞ்சிரம் நன்றாக இருந்தது.

ஊசி என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன், எந்த ஊசி என்பதில் தனிக் கதை இருக்கிறது. நடுக்கத்துக்குப் பாடப்புத்தகம் சொல்கிற முதல் பெயர் பெத்திடின். பெரியவர்களுக்கு 25 மி.கி. போதும். மார்ஃபினும் ஃபென்டனிலும் அதே குடும்பம்தான் என்றாலும், நடுக்கத்தை அடக்குவதில் பெத்திடின் அளவுக்கு அவை வராது. ஆனால் அது 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற மருந்து. இரட்டைப் பூட்டு அலமாரி, ரிஜிஸ்டர், உடைத்த ஆம்பியூலுக்கு ஒரு கையெழுத்து, மிச்சத்தைக் கொட்டியதற்குச் சாட்சிக் கையெழுத்து. இருபது படுக்கை வைத்திருக்கிற நர்சிங் ஹோம் எதற்கு இந்தத் தலைவலியை விலைக்கு வாங்கப்போகிறது? ஆகவே நான் போகிற இடங்களில் நடுக்கம் என்றால் டிரமடால். 2018-ல் அதையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் கிடைக்கிறது. டிரமடாலில் நடுக்கம் நிற்கும். பல பேருக்கு நின்ற கையோடு குமட்டல் ஆரம்பிக்கும். வயிற்றில் புதுத் தையலோடு ஒரு பெண் வாந்தி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் போட்டால் வாந்தித் தொல்லை குறைவு, ஆனால் நாடி இறங்கும், தூக்கம் அமுக்கும், பிள்ளை முகம் பார்க்கிற நேரத்தில் தாய் அசந்துகிடப்பாள். கெட்டமின் துளியளவு போட்டாலும் வேலை செய்யும். சில பேர் கூரையைப் பார்த்து யாருடனோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆக, நடுக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. அதை நோயாளி கொடுக்கிறார், கும்பிடு எனக்கு வருகிறது.

இப்படியே போயிருப்பேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம் இல்லாமல் இருந்திருந்தால்.

பெயர் வேண்டாம். அதன் முதலாளி டாக்டருக்கு கரண்ட் பில் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். சர்ஜன் கார் கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் தியேட்டர் ஏ.சி.யைப் போட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அதுவரை நோயாளி பக்கத்து அறையில் ஃபேனுக்கு அடியில் படுத்திருப்பார். ஆபரேஷன் கவுன் என்பது முதுகில் இரண்டு கயிறு கட்டிய துணி. ஆண்கள் போய்வருகிற வராண்டாவை ஒட்டின அறை என்பதால் அங்கிருந்த ஆயாம்மா பெண்களுக்கெல்லாம் கழுத்திலிருந்து கால்வரை ஒரு பழைய ராணுவக் கம்பளியை இழுத்துப் போர்த்திவிடுவார். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகியும் விடுவார். மே மாதத்திலும் இதே கதைதான். நோயாளிகள் நெற்றியில் வியர்வையோடு தியேட்டருக்கு வருவார்கள். நான் இதைப் பற்றி டவுனில் மற்ற டாக்டர்களிடம் கிண்டல் அடித்திருக்கிறேன்.

ஒருநாள் அங்கிருந்த சிஸ்டர் மருந்துப் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார்: "சார், நீங்க எழுதிக் குடுத்த டிரமடால் டப்பா எக்ஸ்பைரி ஆயிடுச்சி. திரும்ப வாங்கணுமா, வேணாமா?"

பிரிக்காத டப்பா. மற்ற இடங்களில் மாதாமாதம் தீர்ந்துபோகிற மருந்து இங்கே தேதி முடிந்து கிடக்கிறது. அதே கை, முதுகில் போடுகிற அதே ஸ்பைனல் ஊசி, அதே அளவு மருந்து, அதே ஈ.சி.ஆர். ஜனங்கள். டவுனில் கண்ணாடிக் கதவும் கிரானைட் தரையுமாக இருக்கிற இடத்தில் நோயாளியை ஒரு மணி நேரம் முன்பே கவுன் மாற்றி, சென்ட்ரல் ஏ.சி. போட்ட காத்திருப்பு அறையில் படுக்க வைத்துவிடுவார்கள். சர்ஜன் வரத் தாமதமானால் அது ஒன்றரை மணியாகும். அங்கே ஸ்பைனல் போட உட்கார வைக்கும்போது முதுகைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அங்கேதான் நான் வீரன்.

விஷயம் எனக்குப் புதிதில்லை என்பதுதான் வேடிக்கை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம். மூளை, நெஞ்சு, வயிறு 37 டிகிரியில் இருக்கும்போது கைகாலின் சூடு இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். ஓரத்து ரத்தக்குழாய்களைச் சுருக்கிவைத்து, உள்சூடு வெளியே போகாமல் உடம்பு பார்த்துக்கொள்கிறது. ஸ்பைனல் போட்டதும் காலில் அந்தக் குழாய்கள் திறந்துகொள்ளும். முழு மயக்கத்தில் உடம்பு முழுக்கவே இப்படித்தான். உள்ளே இருந்த சூடான ரத்தம் காலுக்குப் பாய, காலில் இருந்த குளிர்ந்த ரத்தம் மேலே ஏற, வெந்நீர்த் தவலையில் பச்சைத்தண்ணீர் விளாவின கணக்குதான். முதல் ஒரு மணி நேரத்தில் உள்சூடு ஒரு டிகிரி அளவுக்கு இறங்குவதற்குப் பெரும்பங்கு காரணம் இந்த விளாவல். தியேட்டர் ஏ.சி. இழுத்துக்கொண்டு போவது அதற்கு அடுத்த கணக்கு. அமெரிக்காவில் டேனியல் செஸ்லர் என்ற மயக்கவியல் டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 1990-களில் தன்னார்வலர்களைப் படுக்க வைத்து, தோலில் அங்கங்கே கருவி ஒட்டி, இதை அளந்தே காட்டினார்கள்.

விளாவுகிற தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தால்? அதாவது ஊசி போடுவதற்கு முன்னாலேயே காலும் தொடையும் சூடாக இருந்தால், பாய்ந்து குளிர்வதற்கு இடமே இல்லை. அந்தக் கஞ்ச டாக்டரும் வெட்கம் பார்த்த ஆயாம்மாவும் சேர்ந்து தங்களுக்கே தெரியாமல் செய்துவந்த வைத்தியம் அதுதான். ஊசிக்குப் பிறகு எத்தனை போர்த்தினாலும் விட்டதைப் பிடிக்க நேரம் ஆகும். முன்னால் கால் மணி, அரை மணி போதும். 2002-ல் ஜெர்மானிய டாக்டர் ஹார்ன் குழுவினர் முப்பது சிசேரியன் தாய்மாரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முதுகில் ஊசி போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே வெந்காற்றுப் போர்வை போட்டுப் பார்த்தார்கள். அந்தப் பாதியில் நடுக்கம் வெகுவாகக் குறைந்தது. பிறந்த பிள்ளைகளின் உடம்பும் மற்ற பிள்ளைகளைவிடச் சூடாக இருந்தது. சிறிய ஆராய்ச்சிதான். ஆனால் நான் கண்ணால் கண்டதோடு ஒத்துப்போனது.

ஸ்பைனல் நோயாளியிடம் "குளிருதா?" என்று கேட்பதில் அர்த்தம் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "குளிரல சார், ஆனா நடுங்குது" என்பார்கள். பொய் இல்லை. மரத்துப்போன கால்களிலிருந்து குளிர்ச் சேதி ஏதும் மூளைக்குப் போவதில்லை. கால் கதகதப்பாக இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. உள்சூடு நன்றாக இறங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு உடம்பை உதறுகிறது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து "நார்மல் சார்" என்று சொல்கிற சிஸ்டரிடமும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிராஸ்லி, மகாஜன் என்ற இருவர் 1994-லேயே எழுதிவிட்டார்கள்: அக்குள் சூட்டுக்கும் நடுக்கத்தின் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை. மயிர்க்கூச்செறிவதை ஒன்று என்றும் உடம்பு முழுக்க உதறுவதை நான்கு என்றும் நாங்கள் குறிக்கிற அளவுகோல் அவர்கள் போட்டதுதான்.

அப்புறம் சர்ஜன்களோடு சண்டை ஆரம்பித்தது. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு அடுக்கு கவுன், ரப்பர் கையுறை, தலைக்குமேல் விளக்கு. 18 டிகிரியில் வைத்தாலும் நெற்றியில் வியர்க்கும், அது காயத்தில் சொட்டக் கூடாது. "ஏ.சி.யைக் குறைச்சா நான் எப்படிக் கத்தியைப் பிடிக்கிறது?" ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கிற என்.ஏ.பி.எச். தியேட்டருக்குச் சொல்வது 21 டிகிரி, மூன்று கூடலாம், மூன்று குறையலாம். 24-ல் வைத்தாலும் சட்டப்படி சரி என்று நான் வாதாடுவேன். 18-ல் வைத்தாலும் சரிதானே என்று அவர்கள் திருப்பிப் போடுவார்கள். அப்போதுதான் நான் பையிலிருந்து பெரிய ஆயுதத்தை எடுப்பேன். 1996-ல் ஆண்ட்ரியா கர்ஸ் என்பவர் செஸ்லரோடு சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சி: குடல் ஆபரேஷன் செய்த 200 பேரில், உடம்பு குளிர விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குக் காயத்தில் சீழ், சூடாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். சீழ் என்ற சொல்லைக் கேட்டால் எந்த சர்ஜனும் ரிமோட்டை எடுத்துவிடுவார். அந்த ஆயுதம் பல வருஷம் எனக்கு நன்றாக உழைத்தது.

2022-ல் அதே செஸ்லர் கூட்டம் இன்னொரு ஆராய்ச்சியை வெளியிட்டது. இந்தமுறை 5,000 பேருக்கு மேல், பெரும்பாலும் சீனாவில். ஒரு பாதியை 37 டிகிரியில் வைத்தார்கள், இன்னொரு பாதியை 35.5-க்கு விட்டார்கள். இதயப் பாதிப்பில் வித்தியாசம் இல்லை. காயச் சீழிலும் குறிப்பிடும்படி இல்லை. 35.5-க்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதற்கு அதில் பதில் கிடையாது, ஆகவே குளிர விடலாம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரிக்காக உயிர் போகும், சீழ் வைக்கும் என்று நான் இனி மேசையைத் தட்ட முடியாது. டவுனில் ஓர் இளம் சர்ஜன் அந்தக் கட்டுரையைக் கைபேசியில் எனக்கே அனுப்பினார், கூடவே ஒரு சிரிப்புப் படம்.

மிச்சம் என் கையில் என்ன இருந்தது? நோயாளிக்கு அந்த அரை மணி நேரம் கஷ்டமாக இருக்கிறது என்பது மட்டும்தான். உதறும்போது தையல் இழுக்கும், வலிக்கும். ஆக்சிஜன் செலவு இரண்டு மூன்று மடங்காகும். இளவட்ட உடம்பு அதைத் தாங்கிவிடும். இதய நோயாளிக்குத்தான் ஆபத்து, ஆனால் வயதானவர்கள் அதிகம் நடுங்குவதே இல்லை; அவர்களுக்கு உடம்பு குளிர்வது சத்தமில்லாமல் நடக்கும். ஆக, அதிகம் நடுங்குகிறவள் செத்துப்போகப் போவதில்லை. அவளால் பிள்ளையைத் தூக்க முடியவில்லை, பயந்துபோகிறாள், வீட்டுக்குப் போனபிறகும் பிரசவம் என்றால் அந்த நடுக்கத்தைத்தான் சொல்கிறாள். இதற்காக ஏ.சி.யைக் குறை, கால் மணி முன்னால் போர்த்து, என்று கேட்பது சீழைக் காட்டிக் கேட்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. நோயாளியின் சுகத்துக்காகப் பேசுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. உயிரைக் காட்டித்தான் பேசத் தெரியும். ஒரு சர்ஜன் கேட்டேவிட்டார்: "அதான் ஊசி இருக்குல்ல? போட்டா நின்னுடுதே." அந்தக் கேள்வியில் என் பழைய குரலே எனக்குக் கேட்டது.

வெந்காற்றுப் போர்வை இயந்திரம் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. காகிதத்தாலான போர்வைக்குள் சூடான காற்றை ஊதும். 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் பேர் ஹக்கர் என்ற பெயரில் வந்தது. நான் போகிற நர்சிங் ஹோம்களில் அதற்குப் பணம் கிடையாது. கம்பளி இருக்கிறது. தோலை ஒட்டி ஒரு போர்வை போட்டாலே உடம்பு இழக்கிற சூட்டில் சுமார் 30 சதவீதம் தங்கிவிடும். அதற்குமேல் இரண்டு மூன்று என்று அடுக்கினால் பெரிதாகக் கூடுவதில்லை. எத்தனை போர்வை என்பதைவிட எவ்வளவு தோல் மூடியிருக்கிறது என்பதுதான் முக்கியம். கையையும் தோளையும் திறந்துபோட்டுவிட்டு வயிற்றில் நான்கு போர்வை அடுக்குவார்கள்.

டிரிப் பாட்டில் விஷயத்தில்தான் எங்கள் ஊர் வெயில் எனக்கு உதவியது. அறை வெப்பத்தில் இருக்கிற ஒரு லிட்டர் திரவம் ஏறினால் உடம்பின் சராசரிச் சூடு கால் டிகிரி இறங்கும் என்று கணக்கு. சிசேரியனில் ஸ்பைனலால் பி.பி. இறங்காமல் இருக்க ஒரு லிட்டர் சட்டென்று ஓடிவிடும். ஆனால் அந்த "அறை" ஐரோப்பாவின் அறை. புதுச்சேரியில் மே மாதம் ஏ.சி. இல்லாத ஸ்டோர் ரூமில் பாட்டில் 33, 34 டிகிரியில் சும்மாவே இருக்கும். காலை கேஸுக்கு என்று முந்தின ராத்திரியே நான்கைந்து பாட்டிலை எடுத்து தியேட்டருக்குள் அடுக்கி வைத்துவிடுவதுதான் வழக்கம். விடிவதற்குள் அவை 20-க்கு வந்துவிடும். "ராத்திரி எடுத்து வைக்காதீங்க, ஊசி போடுறப்போ ஸ்டோர்லருந்து நேரா கொண்டாங்க" என்று சொன்னேன். பைசா செலவில்லாத வேலை. ஆனால் அந்த அட்டெண்டர் தம்பிக்குக் கோபம். அவரைப் பொறுத்தவரை முதல் நாளே எல்லாம் தயாராக வைப்பதுதான் பொறுப்பு.

சுடுதண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சொந்தக்காரர்கள் அன்பில் இதைத்தான் முதலில் செய்வார்கள். மரத்துப்போன காலுக்கு அடியில் சுடுதண்ணீர் பாட்டிலை வைக்கக் கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது. உணர்ச்சி திரும்பும்போது கொப்புளம் இருக்கும். பாதத்தில் தைலம் போட்டுப் பரபரவென்று தேய்ப்பதும் வீண். காலா நடுங்குகிறது? கையையும் தோளையும் போர்த்தி, முகத்தின் பக்கம் கதகதப்பாக வைத்தால் பலன் உண்டு. நடுங்கவேண்டுமா என்று முடிவுசெய்கிற மூளை உள்சூட்டை மட்டும் பார்ப்பதில்லை. தோலின் சூட்டுக்கும் ஐந்தில் ஒரு பங்கு காது கொடுக்கிறது.

எல்லா நடுக்கமும் குளிரால் வருவதில்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் என் ஆசிரியர்கள் மன்னிக்கமாட்டார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நடுக்கம் என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்து, பிறகு யோசி. பாட்டில் மாற்றின கொஞ்ச நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி தூக்கிப் போட்டால் பாட்டிலைக் கழற்று. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கிற மிசோபிராஸ்டால் மாத்திரையாலேயே நடுக்கம் வரும், கூடவே உடம்பும் கொதிக்கும். அவளைக் கம்பளியில் சுற்றுவது தப்பு. சர்க்கரை இறங்கினாலும் நடுங்கும், கூடவே வியர்க்கும். எந்த ஊசியையும் எடுப்பதற்கு முன்னால் நெஞ்சில் புறங்கையை வைத்துப் பார்க்கிற அரை நிமிஷத்தை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இப்போது நான் கேஸுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுகிறேன். நோயாளி எங்கே படுத்திருக்கிறார் என்று பார்க்கிறேன். காத்திருப்பு அறை ஏ.சி.யை நிறுத்தச் சொல்லி ரிசப்ஷனில் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். சலவைக் கணக்கில் கம்பளி எண்ணிக்கை ஏறியதற்கு ஓரிடத்தில் மேட்ரன் முகம் சுளித்தார். நடுக்கம் அறவே போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இன்னும் வருகிறது, ஊசியும் போடுகிறேன். ஆனால் குறைந்திருக்கிறது, கண்கூடாகக் குறைந்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் குறைந்திருக்கிறது. வராமல் போன நடுக்கத்துக்கு நன்றி சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. கேஸ் முடிந்து நான் வெளியே வந்தால் வராண்டாவில் எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திரும்புவதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் வழி கேட்டுப் போகிறேன். ஆரம்பத்தில் இது உறுத்தியது. நல்ல மனிதனாக இருந்திருந்தால் உறுத்தியிருக்காது. சில நாள், உள்மனதில் ஓர் ஓரத்தில், இன்றைக்கு இவள் கொஞ்சம் நடுங்கினால் என்ன என்றுகூட ஓடியிருக்கிறது. இதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன், இப்போது உங்களிடம்.

சித்தியின் சின்ன மருமகளுக்குப் பிரசவம் சித்திரையில் வந்தது. மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்த நேரம். இதுவும் சிசேரியன்தான். அந்தப் பெண்ணை ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் படுக்க வைத்து, கழுத்துவரை கம்பளி போர்த்தி, அரை மணி கழித்துத்தான் உள்ளே எடுத்தேன். "வேகுது அண்ணா" என்று இரண்டு தடவை சொன்னாள். சித்தி கதவுச் சந்தில் எட்டிப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளை. வெளியே வந்ததும் தாய் மார்மேல் போட்டார்கள், அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் சித்தி பக்கம் போய் நின்றேன். ஏதாவது சொல்வாள் என்ற ஆசைதான்.

"மூத்தவளுக்கு நீ எவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்துனே," என்றாள் சித்தி. "இவளுக்கு அப்படி ஒண்ணும் கஷ்டம் இல்ல, பெரியாண்டவன் புண்ணியம். ஆனா இன்னாத்துக்குப்பா இந்த வெயில்ல கம்பளியப் போட்டு புள்ளத்தாச்சிய அவிச்சு வச்சே?"

அடுத்த வாரம் கூடையோடு தெருவில் வந்தாள். சங்கராவை நிறுத்துக் கொடுத்து, காசை எண்ணி இடுப்பில் செருகிக்கொண்டாள். தடைக்காலம் என்று கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஏற்றித்தான் சொன்னாள்.